நானே செதுக்கிய பொய் மீன் மல்லாந்து படுக்கிறது: என்ன தவறு?

கரையான் (கடலூர்)

வணக்கம். உப்பனாற்று முகத்துவாரத்தில் ஞாயிறுதோறும் தூண்டில் போடுகிறவன் நான். கரையில் நிற்பவன் என்பதால் இந்தப் பெயர். மரத்தைத் தின்பவன் அல்ல, ஆனால் இப்போது மரத்தோடுதான் போராட்டம்.

கடையில் வாங்கும் லூர் (மீனை ஏமாற்றும் பொய் இரை) ஒன்று நானூறு, ஐந்நூறு ரூபாய். போன மாதம் மட்டும் நான்கு லூர்களைச் சிப்பிப் பாறைக்குக் காணிக்கையாக்கிவிட்டேன். ஐந்தாவதை நானே செய்வது என்று இறங்கினேன். கல்யாண முருங்கைக் கிளை ஒன்றைக் காயவைத்து, பத்து சென்டிமீட்டர் நீளத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். வயிற்றுக்கு வெள்ளி நிறம், முதுகுக்குப் பச்சை. செவுளை என் மகள் நகப்பூச்சால் வரைந்தாள். கண்ணுக்குச் சமிக்கி ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் மடவை என்றே சொன்னார்கள்.

தண்ணீரில் விட்டால் மல்லாந்து படுத்துக்கொள்கிறது. இழுத்தால் பம்பரம்போல் சுற்றித் தங்கூசியை (தூண்டில் நரம்பை) முறுக்கிவிடுகிறது. மூன்று நாள் உழைப்பு. எங்கே தவறினேன்?

---

மரத்தூள் (தஞ்சாவூர்)

மூன்று கேள்விகள். வயிற்றுக்குள் எடை வைத்தீர்களா? உடலைக் குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்குமா, முட்டை வடிவமாக இருக்குமா? வாய்த்தகட்டுக்கான (லூரை முங்கவும் ஆடவும் வைக்க வாயில் செருகும் தகடு) வெட்டை எப்போது போட்டீர்கள்?

---

கரையான்

எடை வைக்கவில்லை. தூண்டில் முட்களின் எடையே போதும் என்று நினைத்தேன். உடல் நல்ல உருண்டை, மெழுகுவத்தி மாதிரி. வாய்த்தகடு பழைய சிடியிலிருந்து வெட்டியது. வண்ணமெல்லாம் பூசி முடித்த பிறகு, கண் மதிப்பில் ரம்பத்தால் கீறிச் செருகினேன்.

---

மரத்தூள்

மூன்றுமே தவறு. வருத்தப்பட வேண்டாம், என் முதல் ஐந்தும் இப்படித்தான் போயின. இப்போது வீட்டில் சாவிக்கொத்தில் தொங்குகின்றன.

கட்டை சதுரமாக இருக்கும்போதே மேலும் கீழும் நடுக்கோடு போடுங்கள். வாய்த்தகட்டு வெட்டு, எடைக்கான துளை, கம்பிக்கான பள்ளம் எல்லாவற்றையும் சதுரக் கட்டையிலேயே முடித்துவிடுங்கள். அதன் பிறகுதான் உளி. உருண்டையாக்கிய உடலில் எது நேர், எது கோணல் என்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தகடு ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

மெழுகுவத்தி வடிவத்தில் உள்ள இன்னொரு சிக்கல், அதற்கு மேல் எது, கீழ் எது என்பதே கிடையாது. பக்கங்களைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள். எடை நடுக்கோட்டுக்குக் கீழே, வாய்த்தகட்டுக்கும் முன்முள்ளுக்கும் நடுவில் வர வேண்டும்.

எவ்வளவு எடை என்பதை ஊகிக்க வேண்டாம். சமையலறை எடைக்கருவியில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்கிக்கொள்ளுங்கள். முள்ளில்லாத வெறும் உடலை மெல்லிய ஊசியால் குத்தி, டம்ளரின் சுவரிலோ அடியிலோ படாமல் முழுவதும் அமுக்கிப் பிடியுங்கள். கருவி காட்டும் எண்தான் அந்த உடல் தாங்கக்கூடிய மொத்த எடை. அது 16 கிராம் என்றும், உடலின் எடை 7 கிராம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 9 கிராம். முட்களும் வளையங்களும் 4 கிராம் என்றால், வயிற்றில் 3 கிராம் வைத்த பிறகும் 2 கிராம் அளவுக்கு மிதப்பு இருக்கும். இழுத்தால் முங்கும், நிறுத்தினால் மெல்ல மேலே வரும். உங்கள் முகத்துவாரத்தில் உப்பு ஏறும்போது இன்னும் அரை கிராம் வரை தாங்கும். குளத்தில் சரியாக நின்ற லூர் கடல் நீரில் கொஞ்சம் துள்ளுவது அதனால்தான்.

துளை போடும் முன், ஈயக்கம்பியை ரப்பர் வளையத்தால் வயிற்றோடு கட்டி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எங்கே வைத்தால் தலை சற்றே தாழ்ந்து, முதுகு மேலே நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். இது எல்லாமே வண்ணம் பூசுவதற்கு முந்தைய வேலை. நம் ஆட்கள் வண்ணத்தில் தொடங்கி எடையில் முடிக்கிறார்கள்.

---

செருப்புத் தவளை (மதுரை)

இவ்வளவு கணக்கு எதற்கு ஐயா? ஒரு ஜோடி தேய்ந்த ரப்பர் செருப்பு இருந்தால் எட்டுத் தவளை வரும். கூரான பிளேடால் சோளக்கதிர் வடிவில் வெட்டு, முகத்தில் ஒரு குழி, சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு கால், இரட்டை முள் முதுகோடு ஒட்டினாற்போல் மேல்நோக்கி. முடிந்தது. தாமரை இலை மேல் விழும், ஊர்ந்து வரும், கொடியில் மாட்டாது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் நான் பிடித்த விரால் எல்லாம் செருப்பில்தான் விழுந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். விரால் தவளையைக் கவ்வியதும் கோலைச் சுண்டினால் வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடும். செருப்பு அமுங்கி முள் வெளியே வர நேரம் கொடுக்க வேண்டும். தங்கூசி இறுகுவதைக் கையில் உணர்ந்த பிறகு அடியுங்கள்.

---

மரத்தூள்

தவளைக்குச் செருப்பு பொருத்தம்தான், மறுக்கவில்லை. அது மேலே மிதந்து வந்தால் போதும். கரையான் கேட்பது முங்கி நீந்துகிற மடவை. செருப்பு அமுங்குகிற பொருள், அதில் வாய்த்தகடு உறுதியாக நிற்காது. இரண்டு மீன் கடித்தால் ஆடிப்போகும்.

எங்கள் ஊரில் நெட்டி (ஒரு நீர்ச்செடியின் மென்மையான தண்டு) வேலை பிரசித்தம், 2020-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அந்த நெட்டியிலும் ஒரு லூர் செய்து பார்த்தேன். இறகு போன்ற எடை, செதுக்க வெண்ணெய். முதல் கடியிலேயே பல் உள்ளே இறங்கி, தண்ணீர் புகுந்து, கதை முடிந்தது. மிதப்புத் தக்கைக்கு நெட்டியை விட்டால் வேறு இல்லை, லூருக்கு வேண்டாம். கல்யாண முருங்கையும் இலவும் போதும்.

---

பழைய ரீல் (சென்னை)

ஓய்வு பெற்றவனுக்குப் பேச இடம் கிடைத்தால் விடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்தில் லௌரி ரபாலா என்று ஒரு மீனவர். 1930-களில் ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர். சிறு மீன் கூட்டத்தில் மற்றவற்றைப்போல நீந்தாமல் சற்றுத் தள்ளாடுகிற மீனைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்பதைப் படகிலிருந்து கவனித்தார். 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகடுகளை மேலே ஒட்டி, பழைய புகைப்படச் சுருள்களை உருக்கி மெருகாகப் பூசினார். கிடைத்த குப்பையிலிருந்து செய்த பொருள். இன்று உலகம் முழுக்க அவர் பெயரில் லூர் விற்கிறது.

இதில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது அந்தத் தள்ளாட்டம்தான். அழகாக நேரே நீந்துகிற மீன் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நோயாளி மீன் வேண்டியிருந்தது. கரையானின் மகள் வரைந்த செவுளைக் கொடுவா மீன் பார்க்கப்போவதில்லை. கலங்கல் நீரில் அது உணர்வது அசைவைத்தான். (செவுள் அழகாகத்தான் இருக்கும், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

வாய்த்தகட்டின் சாய்வு பற்றி யாரும் சொல்லவில்லை. தகடு ஏறக்குறையச் செங்குத்தாகத் தொங்கினால் லூர் மேல்மட்டத்திலேயே அகலமாக ஆடும். உடலின் நீளவாக்கில் முன்னால் நீண்டிருந்தால் ஆழமாகப் பாயும். முகத்துவாரத்தில் சிப்பிப் பாறை இருக்கிறது என்கிறீர்கள், செங்குத்துப் பக்கமே போங்கள். சிடித் தகடு சரியான பொருள்தான், பாலிகார்பனேட், உடையாது. வெட்டும் முன் மேலே உள்ள வெள்ளிப் படலத்தைச் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பசை அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்ளும், தகடு கழன்றுவிடும்.

---

வேதியியல் வாத்தியார் (சேலம்)

மரத்தூள் ஈயத்தை எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கொஞ்சம் பயமுறுத்துகிறேன்.

ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். வீட்டு எரிவாயு அடுப்பு போதும். அதனால்தான் ஆட்கள் வீட்டு அடுப்பிலேயே தாளிப்புக் கரண்டியில் உருக்குகிறார்கள். அந்தக் கரண்டி மறுநாள் ரசத்துக்குப் போகும். தயவுசெய்து வேண்டாம். உருக்கியே ஆக வேண்டும் என்றால் வெளியில், தனிப் பாத்திரத்தில், காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். அச்சில் துளி ஈரம் இருந்தாலும் நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் அடிக்கும். ஈயத்தை அரத்தால் ராவிய தூள் குழந்தைகள் விளையாடும் தரையில் விழக் கூடாது.

மூன்று, நான்கு கிராமுக்கு உருக்கவே தேவையில்லை. பித்தளைத் தண்டின் துண்டோ, இரும்பு நட்டோ, சைக்கிள் பேரிங் குண்டோ போதும். 4 கிராம் ஈயம் பிடிக்கும் இடம் 0.35 மில்லி, இரும்பு 0.5 மில்லி. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஆயிற்று. குண்டுகளைப் பசை போடாமல் குழிக்குள் தளர்வாக விட்டால் கலகலவென்று சத்தமும் கிடைக்கும்.

---

கரையான்

எல்லோருக்கும் நன்றி. சென்ற வாரம் பழைய உடலையே எடுத்துப் பக்கங்களைத் தட்டையாக்கி, வயிற்றில் நட்டு வைத்து, தகட்டை நேராக்கினேன். நிமிர்ந்து நிற்கிறது! இழுத்தால் இடப்பக்கமாக ஓடியது. வேறு ஒரு நண்பர் சொன்னபடி, எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மூக்கு வளையத்தை (தங்கூசி கட்டும் வளையம்) ஒரு மயிரிழை வளைத்தேன். நேராகிவிட்டது. தொட்டியில் அது முதன்முதலாக ஆடிக்கொண்டு வந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மனைவி ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மகள் பத்து முறை பார்த்தாள்.

புதிய சிக்கல். எனாமல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே மெருகுக்காகத் தச்சர்கள் பயன்படுத்தும் என்.சி. லாக்கர் அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் வண்ணமெல்லாம் தோல் உரிந்த மாதிரி சுருங்கிவிட்டது.

---

வேதியியல் வாத்தியார்

லாக்கரில் உள்ள கரைப்பான் எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். லாக்கர் மேல் எனாமல் நிற்கும், எனாமல் மேல் லாக்கர் நிற்காது. வண்ணத்துக்கு மேல் இரட்டைக் குழாயில் வரும் எபாக்சிப் பசையை மெலிதாகப் பூசி, இறுகும்வரை லூரைக் கையில் பிடித்து மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள், வழியாது. அதற்கும் முன்னால், வெறும் மரத்துக்கே ஒரு காப்பு வேண்டும். முள் வளையத்தின் ஓட்டை வழியாகத்தான் நீர் முதலில் உள்ளே போகும். மரம் ஊதினால் எந்தப் பூச்சும் வெடிக்கும்.

---

குமரிக்கடல் (முட்டம்)

படிக்கப் படிக்கச் சிரிப்பும் வருகிறது, ஆசையும் வருகிறது. என் அப்பாவுக்கு லூர் என்ற சொல்லே தெரியாது. வள்ளத்தில் போகும்போது பின்னால் இழுத்துக்கொண்டு போக, வெள்ளைச் சேவல் இறகையும் சாக்கிலிருந்து பிரித்த வெள்ளை நாரையும் முள்ளில் வைத்துக் கட்டுவார். தலைக்கு ஒரு ஈயம். அவ்வளவுதான். சூரை அதைத் துரத்திக்கொண்டு வரும். அந்த வேகத்தில் போகிற இரைக்குக் கண்ணும் வேண்டாம், செவுளும் வேண்டாம், மினுமினுப்பு இருந்தால் போதும்.

கணவாய்க்கு வேறு. விரல் நீள ஈயத்துக்கு மேல் வண்ண நூலை நெருக்கமாகச் சுற்றி, அடியில் குண்டூசிகளை வளைத்துக் குடைக்கம்பிபோல வட்டமாக வைப்பார். அந்த ஊசிகளுக்கு நாக்கு (மீன் கழன்றுவிடாமல் முனையில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) கிடையாது. தங்கூசி ஒரு கணம் தளர்ந்தாலும் கணவாய் போய்விடும். இரவில் விளக்கொளியில் மேலும் கீழும் அசைத்து, கனம் தெரிந்ததும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருப்பார். சிறுவயதில் நான் நடுவில் நிறுத்தி, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

---

வாவிக்கரை (மட்டக்களப்பு)

மட்டக்களப்பு வாவியில் நாங்களும் கொடுவாவுக்குத்தான் எறிகிறோம். பாடும் மீனைக் கேட்க வருகிறவர்கள் பலர், நாங்கள் கடிக்கும் மீனுக்காகக் காத்திருக்கிறோம்.

கரையான் அண்ணா, முதல் பதிவில் முட்களை எதில் மாட்டினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. திருகு வளையமாக இருந்தால் உடனே மாற்றுங்கள். கொடுவா கவ்வியதும் தலையை உதறும். மென்மையான மரத்தில் திருகிய வளையம் அந்த உதறலுக்குத் தாங்காது. மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி உள்ளே ஓட வேண்டும். மரம் இரண்டாக உடைந்தாலும் மீன் கம்பியில் இருக்கும். ஆர்கான் வெல்டிங் கடைகளில் துருப்பிடிக்காத கம்பி நீளநீளமாகக் கிடைக்கும், 1.2 மில்லிமீட்டர் கேளுங்கள். வயிற்றில் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு பள்ளம், கம்பியை அதற்குள் படுக்கவைத்து எபாக்சியால் நிரப்பினால் எடை, கம்பி இரண்டும் ஒரே வேலையில் முடியும்.

குமரிக்கடல் சொன்ன இறகு இரை இங்கும் உண்டு, அறுக்குளாவுக்கு இழுப்பார்கள். உங்கள் பக்கம் அந்த மீனை என்ன சொல்வீர்கள்?

---

பழைய ரீல்

சென்னையில் வஞ்சிரம், குமரியில் நெய்மீன், தூத்துக்குடியில் சீலா. ஆனால் சென்னையில் சீலா என்று கேட்டால் நீளப் பல்லோடு வேறொரு மீனைக் கொடுப்பார்கள், அதைத் தெற்கே ஊளி என்கிறார்கள். தூத்துக்குடி மாப்பிள்ளை ஒருவர் இங்கே சந்தையில் சீலா வாங்கி வந்து மாமியாரிடம் பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்கிறேன்.

---

கரையான்

வாவிக்கரை, நீங்கள் ஒரு நாள் முன்னதாக எழுதியிருக்கக் கூடாதா!

நேற்று மாலை ஏற்றம் நின்று நீர் திரும்புகிற நேரம். பாலத்தூண் நிழலில் எறிந்தேன். மூன்றாவது எறிதலில் யாரோ கதவைச் சாத்தினாற்போல் ஓர் இடி. கொடுவாதான், ஒரு முறை முழு உடலும் வெளியே வந்து தலையை உதறியது, நான்கு கிலோவுக்குக் குறையாது. (தப்பிய மீனின் எடை இது, பாதியாக்கிக்கொள்ளுங்கள்.) சட்டென்று தளர்ந்தது. இழுத்துப் பார்த்தால் லூர் இருக்கிறது, வயிற்றில் திருகு வளையம் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. முன்முள்ளோடு மீன் போய்விட்டது.

மீன் போனதைவிட அதன் வாயில் என் முள் இருப்பதுதான் உறுத்துகிறது. இரவு சரியாகத் தூங்கவில்லை.

---

செருப்புத் தவளை

எனக்கும் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு முள்ளின் நாக்கைக் குறட்டால் அமுக்கிவிடுகிறேன். தங்கூசியைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்புவது அதிகமில்லை. அறுந்து போனாலும் நாக்கில்லாத முள்ளை மீனால் எளிதில் உதறிவிட முடியும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கண்மாயில் செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு மேலே வந்து மூச்சுவிடும். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தப் பந்தின் மேல் தவளையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சுக்காக. அப்படிப் பிடித்த படத்தைப் பெருமையாகப் போடுகிறவர்களை நான் பாராட்டுவதில்லை. பெற்றவை போனால் அந்தக் குஞ்சுப் பந்தை ஒரே நாளில் கெளுத்தியும் கொக்கும் தீர்த்துவிடும்.

---

மரத்தூள்

முழு உடன்பாடு.

கரையான், இரண்டாவதை எப்போது தொடங்குகிறீர்கள்? இந்த முறை ஒன்றாகச் செய்யாதீர்கள், ஒரே கட்டையில் நான்காகச் செய்யுங்கள். ஒன்றில் எடையை முன்னால், ஒன்றில் நடுவில், ஒன்றில் தகடு குட்டை, ஒன்றில் நீளம். எது எப்படி ஆடுகிறது என்று முதுகில் பென்சிலால் எழுதிவையுங்கள். வண்ணம் எதற்கும் வேண்டாம்.

---

கரையான்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

நான்கு செய்தேன். உள்ளே கம்பி ஓடுகிறது, முள்ளின் நாக்கு அமுக்கியாயிற்று. முதலாவது தலைகீழாக முங்கியது, எடை அதிகமாக முன்னால் போய்விட்டது. இரண்டாவது ஆடவே இல்லை, குச்சிபோல வந்தது. நான்காவது நன்றாக ஆடியது, ஆனால் ஆழத்துக்குப் போய்ப் பாறையைத் தேடியது. மூன்றாவதுதான் மகாராசன்: குட்டைத் தகடு, எடை முன்முள்ளுக்கு ஒரு விரல் முன்னால். மெதுவாக இழுத்தாலும் தள்ளாடுகிறது, பழைய ரீல் சொன்ன நோயாளி மீன் அப்படியே. மகள் விடவில்லை, வண்ணம் பூசியே தீர வேண்டும் என்றாள். கொசுவலையை உடலோடு இழுத்துப் பிடித்து மேலே தெளித்தோம், வலையை எடுத்ததும் செதில் செதிலாக விழுந்திருந்தது. எபாக்சியும் பூசி, அரை மணி நேரம் இருவரும் மாறிமாறி உருட்டினோம்.

நேற்று அதிகாலை அதில் ஒரு கொடுவா, முக்கால் கிலோ இருக்கும், திருப்பி விட்டுவிட்டேன். அடுத்த எறிதலிலேயே லூர் சிப்பிப் பாறையில் மாட்டிக்கொண்டது. ஐந்நூறு ரூபாய் லூர்களை எல்லாம் அறுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனவன் நான். இதற்காகச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். காலில் இரண்டு இடத்தில் சிப்பி கிழித்துவிட்டது. லூர் பத்திரமாக இருக்கிறது.

---

வேதியியல் வாத்தியார்

காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, இன்றே போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். லூரைப் பற்றி நாளை பேசலாம்.